ஞாயிற்றுக்கிழமை ஓடிய இரண்டாவது இன்ஜின்

நேற்று ஞாயிற்றுக்கிழமை ஒரு பொய் சொன்னேன். மனிதரிடம்கூட இல்லை... ஒரு மின் நிலையத்திடம்.

அதை நம்பி அவர்கள் ஒரு இன்ஜினையே ஓட்டிவிட்டார்கள். ஓட ஆரம்பித்த பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு உறைத்தது.

முதலிலிருந்து சொல்கிறேன். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும் — எழுதுவது எனக்கு வாரத்தில் ஒரு நாள் வேலை. மீதி நாட்களில் திருப்பூருக்கு வெளியே ஒரு இன்டஸ்ட்ரியல் பார்க்கில் துணி காய வைக்கிறேன். கொடியில் அல்ல. ஸ்டென்டர் என்று ஒரு நீளமான மெஷின். சாயம் போட்டு ஈரமாக வரும் பனியன் துணியை இரண்டு ஓரமும் இழுத்துப் பிடித்து, சூடான காற்றை ஊதி, சுருக்கமில்லாமல் உலர்த்தி வெளியே தள்ளும். பார்க்கில் என்னுடையது பதினாலாம் யூனிட். முதலாளி, மேனேஜர், சில நாள் வாட்ச்மேன்... எல்லாம் நான்தான்.

எங்கள் பார்க்குக்குச் சொந்தமாக ஒரு மின் நிலையம் இருக்கிறது. கிழக்கு மூலையில், கம்பி வேலிக்குள். பூமிக்கடியில் குழாய் வழியாக இயற்கை எரிவாயு வருகிறது. அதில் ஓடும் மூன்று இன்ஜின்கள். ஒவ்வொன்றும் ஒரு டவுன் பஸ் நீளம் இருக்கும். கரி இல்லை, சாம்பல் இல்லை. புகைபோக்கியில் புகைகூடக் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு மேலே இருக்கும் வானம் மட்டும் சூட்டில் லேசாக நடுங்கும். அதை வைத்துத்தான் எத்தனை இன்ஜின் ஓடுகிறது என்று நாங்கள் கணக்குப் போடுவோம்.

உங்கள் வீட்டில் மிக்ஸி போடுவதற்கு முன்னால் யாரையாவது கேட்கிறீர்களா? நாங்கள் கேட்போம். மிக்ஸிக்கு இல்லை, பெரிய மோட்டார்களுக்கு. ஸ்டென்டரில் காற்று ஊதும் ப்ளோயர்களை நாம் பாட்டுக்குத் தட்டிவிட்டால் அங்கே இன்ஜின் திணறும். ரொம்பத் திணறினால் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். பார்க் முழுக்க கரண்ட் போகும். மெஷினுக்குள் பாதியில் நிற்கும் துணியெல்லாம் கருகிப் பாழாகும். அதனால் ஒரு சட்டம் — மெஷின் போடுவதற்கு முன்னால் கன்ட்ரோல் ரூமுக்குப் போன் செய்து லோடு, அதாவது அவ்வளவு கரண்ட், எடுக்கலாமா என்று கேட்க வேண்டும்.

“பதினாலாம் யூனிட்டுங்க. ஸ்டென்டர் போடோணும். லோடு எடுக்கலாமுங்களா?”

“ஒரு நிமிஷம் இருங்க... ம். எடுத்துக்குங்க.”

“சரிங்க.”

மற்ற யூனிட்களில் எலெக்ட்ரீஷியன் பேசுவார். பதினாலாம் யூனிட்டில் மட்டும் முதலாளியே பேசுவார். என் மெஷின் ஆபரேட்டர் ரஞ்சித், பீகார்ப் பையன், ஒரு நாள் போனை எடுக்கப் போனான். நான் பாய்ந்து வாங்கினேன். அன்றிலிருந்து அவன் அந்தப் போனைத் தொடுவதே இல்லை. பெரிய ரகசியம் ஏதோ இருக்கிறது என்று நினைத்திருப்பான்.

ரகசியம்தான். ‘எடுத்துக்குங்க’ என்று சொல்கிற அந்தக் குரல் என் தங்கையுடையது.

கோகிலா. என்னைவிட ஆறு வயது சின்னவள். கோயமுத்தூரில் எலெக்ட்ரிகல் படித்தாள். ஆந்திராவில், கோதாவரிப் பக்கம் ஒரு எரிவாயு மின் நிலையத்தில் வேலை கிடைத்துப் போனாள். கூட வேலை பார்த்தவரையே கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக ஒரு பொங்கலுக்கு வந்து சொன்னாள். வேறு ஊர், வேறு பாஷை, வேறு சாதி. அப்பா கத்தினார். “இனிமே இந்த ஊட்டுல அவ பேச்சையே எடுக்கக் கூடாது” என்றார். அம்மா மூன்று நாள் சாப்பிடாமல் அழுதாள்.

நான்? நான் ஒன்றுமே சொல்லவில்லை. கத்தவில்லை, அழவில்லை, அவளுக்காக ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போவதற்கு முந்தின நாள் காலையில் எனக்குப் போன் செய்தாள். “அண்ணா, நம்மூட்டுல இருந்து ஒரு ஆளாச்சும் இருக்கோணும். நீ வந்தாப் போதும்.”

“பார்க்கலாம் கண்ணு” என்றேன்.

பஸ், ரயில் எல்லாம் விசாரித்தேன். உடனே கிளம்பினால் போய்ச் சேர்ந்துவிடலாம். பையில் இரண்டு சட்டைகூட எடுத்து வைத்தேன். அப்புறம்... அப்பா முகத்தை நினைத்துக்கொண்டு போனை ஆஃப் செய்துவிட்டு யூனிட்டுக்குப் போய்விட்டேன். எட்டு வருஷம் ஆயிற்று.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் பார்க்கிலேயே வேலை கிடைத்து கோகிலா குடும்பத்தோடு இங்கே வந்து சேர்ந்தாள். காங்கேயம் ரோட்டில் வாடகை வீடு. கத்தின அப்பா ஒரு நாள் ஐந்து லிட்டர் தேங்காயெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்விட்டார். “அன்னிக்குக் கோவத்துல பேசிப்போட்டேன் சாமி, மனசுல வெச்சுக்காதே” என்றாராம். முடிந்தது. அம்மா போனாள், இன்னொரு தடவை அழுதாள். அதுவும் முடிந்தது. இப்போது அங்கே போய்ப் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் டி.வி. பார்க்கிறார்கள். நான் யூனிட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து கோகிலா எங்கள் வீட்டுக்கும் வந்து போகிறாள். சாயங்காலம் நான் போகும்போது என் மனைவி கழுவிக் கவிழ்த்த டம்ளர்களில் இரண்டு அதிகமாக இருக்கும். ஒன்று சின்ன டம்ளர்.

திட்டினவர்களுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. ‘திட்டினது தப்பு’ என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளலாம். வாயே திறக்காதவன் எங்கிருந்து ஆரம்பிப்பான்? சண்டையே போடாதவனுக்கு எந்தச் சண்டைக்குச் சமாதானம்? எழுதுகிறவன் நான். வாரா வாரம் ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறேன். எனக்கு அந்த முதல் வாக்கியம் மட்டும் எட்டு வருஷமாக அகப்படவில்லை.

அகப்பட்டதெல்லாம் அந்தப் போன்தான்.

அவள் வேலைக்குச் சேர்ந்தது எனக்குத் தெரியாது. வீட்டில் யாரும் சொல்லவில்லை. ஒரு காலை வழக்கம்போல போன் செய்தேன். “கன்ட்ரோல் ரூம், சொல்லுங்க” என்றது ஒரு பெண் குரல். ‘சொல்லுங்க’ என்ற ஒரு வார்த்தை போதாதா, கூடப் பிறந்தவளைக் கண்டுபிடிக்க? எப்படியோ “பதினாலாம் யூனிட்டுங்க” என்றேன். அந்தப் பக்கம் ஒரு மூச்சு கேட்டது. இன்ஜின் இரைச்சல் கேட்டது. அப்புறம், “எடுத்துக்குங்க” என்றாள்.

அந்த லைனில் பேசுவதெல்லாம் ரெக்கார்டு ஆகும். சொந்தக் கதை பேசக் கூடாது. எனக்கு அது நல்ல சாக்காகப் போயிற்று. அவளுக்கும் அப்படித்தானோ என்னவோ. அந்நியர்கள் மாதிரி ஒருவருக்கொருவர் ‘ங்க’ போட்டுக்கொண்டு இரண்டு வருஷம் ஓட்டினோம்.

ஷிப்ட் மாறும் வாரம் எல்லாம் எனக்கு மனப்பாடம். காலை ஷிப்ட் என்றால் எட்டு மணிக்கு மெஷின் போடும்போது அவள் குரல் கிடைக்கும். மதிய ஷிப்ட் வாரம் சிக்கல். காலையில் போட்ட மெஷினை எதற்கு மத்தியானம் மறுபடி போடுவது? அதற்கும் வழி கண்டுபிடித்தேன். ஸ்டென்டருக்குள் பஞ்சு அடைக்கும். பில்டரைச் சுத்தம் செய்ய ப்ளோயர்களை நிறுத்தித்தான் ஆக வேண்டும். அந்த வாரங்களில் தினமும் இரண்டு மணிக்கு மேல் பில்டர் சுத்தம் நடக்கும். இந்தப் பார்க்கிலேயே சுத்தமான பில்டர் பதினாலாம் யூனிட்டில்தான் இருக்கிறது. ரஞ்சித்திடம் கேட்டுப் பாருங்கள்.

ராத்திரி ஷிப்ட் வாரத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது. காலையில் ஒரு ஆண் குரல், “ஆங், எடுங்க” என்று சொல்லிவிட்டு டக்கென்று வைத்துவிடும். அன்று முழுக்க எனக்குக் காரணமில்லாமல் கோபம் வரும்.

ஒரு நாள் அவளுக்கு ஜலதோஷம். குரல் அப்படியே கட்டியிருந்தது. ‘மாத்திரை போட்டியா?’ என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. “நன்றிங்க” என்று சொல்லி வைத்துவிட்டேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, நான் அதன் பக்கத்தில் வெகுநேரம் சும்மா நின்றிருந்தேன். அவ்வளவு ஏக்கமாக இருந்தது. எட்டிப் பார்த்தால் தெரிகிற தூரத்தில்தான் இருக்கிறாள். எனக்கு அவளிடம் ஒரு மாத்திரையைப் பற்றிக்கூடக் கேட்க முடியவில்லை.

அப்புறம் வந்தது சர்க்குலர்.

‘திங்கட்கிழமை முதல் லோடு அனுமதி தானியங்கி முறைக்கு மாற்றப்படுகிறது. யூனிட்கள் கன்ட்ரோல் ரூமுக்குப் போன் செய்ய வேண்டியதில்லை. பேனலில் பச்சை விளக்கு எரிந்ததும் மெஷினை இயக்கலாம்.’

பார்க்கில் எல்லோருக்கும் சந்தோஷம். பக்கத்து யூனிட்காரர், “இனி அந்த லைனுக்குக் காத்துக் கெடக்க வேண்டீதில்லீங்க, நல்லதாப் போச்சு” என்றார். நானும் ஆமாங்க என்றேன். பச்சை விளக்குக்கு ஜலதோஷம் பிடிக்காது, இல்லையா?

அந்த வாரம் கோகிலாவுக்கு ராத்திரி ஷிப்ட். திங்கட்கிழமையிலிருந்து போனே கிடையாது. ஆக, எனக்குத் தெரியாமலே கடைசிப் பேச்சு பேசி முடித்துவிட்டிருந்தேன். முந்தின சனிக்கிழமை. என்ன பேசினேன் என்றுகூட நினைவில்லை; ‘சரிங்க’ என்றுதான் வைத்திருப்பேன்.

சனிக்கிழமை ராத்திரி அம்மா சுவரைப் பார்த்துச் சொன்னாள். “யாரோ லீவாம். நாளைக்குக் காத்தால கோகிலாளை வரச் சொல்லியிருக்காங்களாம். ஞாயித்துக்கிழமைகூட நிம்மதி இல்லை அவளுக்கு.” சுவருக்கு எதற்கு இந்தச் செய்தி? எனக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் யூனிட் லீவு. ஏழரைக்குச் சட்டையைப் போட்டேன்.

“ஏனுங்க, லீவு நாளும் அதுவுமா எங்கீங்க?” என்றாள் என் மனைவி.

“பில்டர் சுத்தம் பண்ணோணும்.”

“நேத்துத்தான பண்ணுனீங்க?” என்றாள். ஆனால் வண்டிச் சாவியை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

யூனிட்டைத் திறந்தேன். ஆள் இல்லை, துணி இல்லை, மெஷின் சில்லென்று கிடந்தது. போனை எடுத்தேன்.

“கன்ட்ரோல் ரூம், சொல்லுங்க.”

“பதினாலாம் யூனிட்டுங்க. ஸ்டென்டர் போடோணும். லோடு எடுக்கலாமுங்களா?”

பொய். ஆனால் அந்த லைனில் பேச எனக்கு வேறு எந்த வாக்கியமும் பழக்கமில்லை.

“இன்னிக்கு லீவு நாளுங்கிறதால ஒரு இன்ஜின்தானுங்க ஓடுது. உங்களுக்கு வேணுமின்னா ரெண்டாவதை எடுக்கோணும். அவசியமுங்களா?”

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அத்தோடு போன் முடிந்திருக்கும். இரண்டு வருஷமும் முடிந்திருக்கும்.

“அவசியமுங்க” என்றேன்.

“சரிங்க. பத்து நிமிஷம் இருங்க.”

வாசலுக்கு வந்து நின்றேன். கிழக்கு மூலையில் முதலில் ஒரு உறுமல். அப்புறம் அது சீராகி, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த இன்ஜினின் சத்தத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டது. இரண்டாவது புகைபோக்கிக்கு மேலேயும் வானம் நடுங்க ஆரம்பித்தது. ஒரு டவுன் பஸ் நீளத்துக்கு ஒரு இன்ஜின்... எனக்காக, என் பொய்க்காக. என் வாழ்நாளில் நான் கேட்காமலே அவள் எனக்குச் செய்தது எவ்வளவோ. நான் கேட்டு அவள் செய்தது இது ஒன்றுதான், அதுவும் இப்படி.

போன் அடித்தது. “பதினாலு, இன்ஜின் ரெடிங்க. எடுத்துக்குங்க.”

எதை எடுப்பது? ஓடிப் போய் ப்ளோயர்களை ஒவ்வொன்றாகப் போட்டேன். காலி மெஷினுக்குள் குளிர்ந்த காற்று சுற்றியது. பழைய துணி நூல் ஒன்று மட்டும் உள்ளே பறந்துகொண்டிருந்தது. ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, மறுபடி போன்.

“பதினாலுங்களா? லோடு பாதிகூட வரலீங்களே. துணி இல்லாம ஓட்டறீங்களாட்ட இருக்குதுங்க.”

திருட்டு மாங்காயோடு பிடிபட்டவன் மாதிரி நின்றேன். ஸ்க்ரீனில் எல்லாம் தெரியும் என்று எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று?

“ஆமாங்க” என்றேன்.

“எதுக்குங்க?”

நாளையிலிருந்து பச்சை விளக்கு. இப்போது விட்டால் அவ்வளவுதான்.

“கோகிலா” என்றேன்.

அந்தப் பக்கம் இன்ஜின் இரைச்சல் மட்டும். பிறகு மெதுவாக, “ரெக்கார்டிங் ஓடுதுங்க” என்றாள்.

“ஓடட்டும். அன்னிக்கு நீ கூப்பிட்டப்ப நான் வந்திருக்கோணும் கண்ணு. போனை ஆஃப் பண்ணிப்போட்டேன். பையில சட்டை எடுத்து வெச்சுட்டு ஆஃப் பண்ணுனேன். அப்பா பேரைச் சொல்லித் தப்பிக்க மாட்டேன். நான்தான் பயந்தேன்.”

இவ்வளவுதான் அந்த வாக்கியம். எட்டு வருஷமாகத் தேடினேன்; இத்தனைக்கும் அழகாகக்கூட வரவில்லை.

அவள் அழுதாளா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. இன்ஜின் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. மறுபடி அவள் பேசியபோது குரல் கன்ட்ரோல் ரூம் குரலாகத்தான் இருந்தது.

“ப்ளோயரை நிறுத்துங்க. ஒண்ணொண்ணா நிறுத்துங்க, சட்டுனு போட்டு அமுக்கீராதீங்க. ரெண்டாவது இன்ஜினை நான் எறக்கோணும்.”

போனை வைத்துவிட்டாள்.

நிறுத்தினேன். ஒண்ணொண்ணாக. புகைபோக்கிக்கு மேலே வானம் அடங்கும்வரை வாசலில் நின்றேன். வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. இரண்டு மணிக்கு ஷிப்ட் முடியும். அதற்குள் கிளம்பிவிடலாமா என்று பத்துத் தடவை யோசித்திருப்பேன். என்னை எனக்குத் தெரியாதா? அதனால் வண்டிச் சாவியை யூனிட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு, மின் நிலையத்தின் கேட்டுக்கு நடந்தே போனேன்.

இரண்டு மணி தாண்டியது. இரண்டே கால். இரண்டரை. எல்லோரும் போய்விட்டார்கள், அவள் வரவில்லை. எரிவாயு இருக்கிற இடம் என்பதால் உள்ளே போகிறவர்கள் செல்போனைக் கேட்டில் கொடுத்துவிட வேண்டும். செக்யூரிட்டியின் மேஜையில் ஒரே ஒரு போன் மிச்சமிருந்தது. பொம்மைப் படம் ஒட்டின உறை போட்டது. மருமகள், கோகிலாவின் மகள், ஒட்டியிருப்பாள். அந்தக் குழந்தையை நான் ஒரு தடவைகூடத் தூக்கியதில்லை.

மூன்று மணிக்கு வந்தாள். ஹெல்மெட்டைக் கையில் பிடித்திருந்தாள். நெற்றியில் அது அழுத்தின கோடு. கொஞ்சம் பருத்திருந்தாள், காதோரம் இரண்டு மூன்று நரை. என் தங்கைக்கு நரைக்க ஆரம்பித்தது எனக்குத் தெரியாது.

போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

“இதைச் சொல்றதுக்கு ஒரு இன்ஜினை ஓட்ட வெச்சிருக்கே. ஊட்டுக்கு வந்து சொல்லக் கூடாதா? கதவு என்ன பூட்டியா கெடக்குது?”

“ஏன் இவ்வளவு நேரம்?” என்று மட்டும் கேட்டேன்.

“லோடே இல்லாம எதுக்கு இன்ஜினை எடுத்தேன்னு மேனேஜர் போன்ல புடிச்சுக்கிட்டார். நாளன்னிக்கு எழுத்துல விளக்கம் குடுக்கோணும். ரெக்கார்டிங்கையும் கேட்டுப்போடுவார்.” சொல்லிவிட்டு வேலிப் பக்கம் பார்த்தாள். “உங்கூட்டு லோடு எனக்குத் தெரியாதா அண்ணா? மத்தவங்க போட்டா ஒரேடியா ஏறும். நீ ஒண்ணொண்ணாப் போடுவே, ஸ்க்ரீன்ல படிப்படியா ஏறும். தை மாசம் நாலு நாள் அந்தப் படி வரலை. பயந்துபோய் அம்மாளுக்குப் போன் பண்ணுனேன். உனக்குக் காய்ச்சல்னு சொன்னாங்க.”

இரண்டு வருஷமாக நான் மட்டும்தான் அவள் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

“இன்னிக்கு துணி இல்லைன்னு முன்னாடியே தெரிஞ்சுதா?” என்றேன்.

“ஞாயித்துக்கிழமை உங்க யூனிட் என்னிக்கு ஓடியிருக்குது? போனை எடுத்தப்பவே தெரியும்.”

“அப்புறம் ஏன் இன்ஜினை எடுத்தே?”

அவள் ஹெல்மெட்டின் பட்டையைச் சரி செய்தாள். சரியாகத்தான் இருந்தது, இருந்தாலும் செய்தாள். “நீ அவசியமுன்னு சொன்னே” என்றாள்.

ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். “விளக்கத்தை நான் எழுத மாட்டேன். பத்திரிகையில எழுதறவன் நீதானே? நீயே எழுதிக் குடு. கேட்ல கொண்டாந்து குடுக்காதே. நாளைக்குச் சாயங்காலம் ஊட்டுல வந்து குடு.”

போய்விட்டாள். பார்க் வாசலில் திரும்பும்வரை அந்த ஸ்கூட்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ராத்திரி எழுத உட்கார்ந்தேன். ‘மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு’ என்று ஆரம்பித்தேன். ‘தவறுதலாக லோடு கேட்டுவிட்டேன்’ என்று இரண்டு வரியில் முடிந்துவிட்டது. அதுவும் பொய். கிழித்துப் போட்டேன். உண்மையை எழுதினால் வளர்ந்துகொண்டே போகிறது. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் முழுசாகவே எழுதிவிட்டேன். நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருப்பது அதுதான். ஒரு பிரதி பத்திரிகைக்கு. இன்னொன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இன்று சாயங்காலம் காங்கேயம் ரோட்டுக்குப் போகிறேன்.

மேனேஜர் சார், இரண்டாவது இன்ஜினை ஓட்டியதில் என் தங்கை மேல் தப்பே இல்லை. விளக்கம் கொஞ்சம் நீளம்தான்... எட்டு வருஷம் லேட்டாகக் கொடுக்கிறேன், அதனால்.